அக்கா சொல்வதும் உண்மை, மாமா மகன் சொல்வதும் உண்மை

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா ஈப்போவில் நான்கு நாள் சுயமுன்னேற்றப் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, ஏழு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத அப்பாவிடம் பேச ஆரம்பித்துவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அதே பயிற்சியில், அதே நான்கு நாள், அக்காவுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்த மாமா மகன் கதை வேறு. அடுத்த இரண்டு கட்டத்துக்கும் வங்கியில் கடன் எடுத்துக் கட்டினார், தொழிற்சாலை வேலையை விட்டார், இப்போது அறையை விட்டு வெளியே வருவதில்லை. 'என்னை உடைச்சிட்டாங்க' என்கிறாராம். இப்போது அக்கா இவரையும் போகச் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டினால் பாதி விலையாம். 'ரெண்டு பேருமே பொய் பேசுகிறவர்கள் இல்லை சார். நான் யாரை நம்புவது?'

தம்பி, இரண்டு பேரையும் நம்புங்கள். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. 20 வருடத்துக்கு மேல் இடைநிலைப் பள்ளியில் ஆலோசக ஆசிரியராக இருந்தவன் நான். அந்த அறையிலும் ஒரு தடவை உட்கார்ந்திருக்கிறேன். 2004இல், ஈப்போவில் ஒரு ஹோட்டலில். உங்கள் அக்கா போனது அதே நிறுவனமா என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான்.

முதலில் அறையைச் சொல்லிவிடுகிறேன். போகாதவர்களுக்கு அது பிடிபடாது, போய் வந்தவர்களோ 'நீயே அனுபவிச்சாத்தான் தெரியும்' என்று வாயை மூடிக்கொள்வார்கள். ரகசியம் காப்பதாக எங்களிடமும் கையெழுத்து வாங்கினார்கள்.

காலை ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். ஜன்னல் கிடையாது, சுவரில் கடிகாரம் கிடையாது. ஏறக்குறைய 90 நாற்காலிகள், ஒவ்வொன்றின் முன்கால்களும் தரையில் ஒட்டிய நாடாவைத் தொடும்படி ஒரே கோட்டில். ஐந்து நாற்காலிக்கு ஒரு டிஷ்யூ பெட்டி. அதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒன்பது மணி இரண்டு நிமிடத்துக்கு ஒரு பெரியவர் உள்ளே வந்தார், பேரப்பிள்ளை எடுத்தவர். பயிற்றுநர் அவரை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து, 'வாக்குக் கொடுத்தீங்க. ஏன் மீறினீங்க?' என்று கேட்டார். பஸ் தாமதம் என்றார் பெரியவர். 'பஸ் இல்லை. நீங்கதான்.' ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பெரியவர் 'ஆமாம், நான்தான்' என்று சொல்லும்வரை விடவில்லை. சொன்னதும் எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

நான் எல்பில் ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். இருட்டு விலகாத நேரத்தில் பெரட்டுக் களத்தில் அப்பாவும் அம்மாவும் வரிசையில் நிற்க, கிராணி பெயர் கூப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். தாமதமாக வந்தால் அன்றைய பேர் விழாது, கூலியும் கிடையாது. காரணம் சொன்னால் ஏச்சுத்தான். 90 பேர் காசு கொடுத்துப் பெரட்டுக்கு வந்து நிற்கிறோம் என்று எனக்குத் தோன்றியது மூன்றாம் நாள்தான். முதல் நாள் மனது அப்படி யோசிக்கவில்லை. 'ஆஹா, நேர்மை!' என்று நினைத்தது.

இரண்டாம் நாள் இரவு பதினொரு மணி இருக்கும். விளக்கை மங்கலாக்கி, கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய இசை போட்டு, 'உங்க அப்பா கடைசியா உங்களைத் தொட்டது எப்போ?' என்று ஆரம்பித்தார்கள். அறை முழுக்க அழுகை. நானும் அழுதேன், மூக்கு ஒழுக அழுதேன். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. அப்புறம் வீட்டுக்குப் போன் செய்யச் சொன்னார்கள். ஹோட்டல் நடைபாதையில் வரிசையாகச் சுவரில் சாய்ந்து 30 பேர் போனில் விசும்பிக்கொண்டிருந்தோம். என் அப்பா தூக்கத்திலிருந்து எழுந்து எடுத்தார். 'அப்பா, நான் உங்களை மன்னிச்சிட்டேன்பா' என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டார்: 'ஏன்யா, காசு கீசு வேணுமா?'

இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வரும், தொண்டையும் அடைக்கும். அந்த ஒரு போனுக்காக அந்த நான்கு நாளை நான் முழுக்கத் திட்டமாட்டேன். உங்கள் அக்காவுக்குக் கிடைத்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். அவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தை ஏழு வருடமாகத் தயாராக இருந்திருக்கிறது. ஒரு தள்ளு தேவைப்பட்டது, கிடைத்தது. வீட்டுக்கு வந்தால் பேசுவதற்கு அப்பாவும் இருந்தார்.

இந்த வகைப் பயிற்சி நம் ஊர் சரக்கில்லை. அமெரிக்காவில் 1960களின் கடைசியில் மைண்ட் டைனமிக்ஸ் என்று ஒன்று நடந்தது. அதில் பயிற்றுநராக இருந்த வெர்னர் எர்ஹார்ட் 1971இல் சான்பிரான்சிஸ்கோவில் 'எஸ்ட்' என்ற பயிற்சியைத் தொடங்கினார். அதற்கு முன் அவர் காரும் கலைக்களஞ்சியமும் விற்றவர், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வார இறுதிகள், மொத்தம் 60 மணி நேரம், எழுந்து கழிவறைக்குப் போவதற்குக்கூடக் கட்டுப்பாடு. மைண்ட் டைனமிக்ஸ் பட்டறையிலிருந்து வந்த வேறு சிலர் 1974இல் லைஃப்ஸ்பிரிங் தொடங்கினார்கள். அடிப்படை, மேல்நிலை, தலைமைத்துவம் என்று படிப்படியாக ஏறும் அமைப்பு அவர்களுடையது. எஸ்ட் 1984இல் முடிந்து 'ஃபோரம்' ஆனது, 1991இல் லேண்ட்மார்க் நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்று ஆசியா முழுக்க நடக்கும் பல மூன்று நாள், நான்கு நாள் பயிற்சிகளில் இந்த இரண்டு குடும்பங்களின் முகச்சாயல் தெரியும். பேச்சு மலாயிலோ தமிழிலோ இருக்கலாம், நடுவில் ஒரு திருக்குறள் வரலாம். எலும்புக்கூடு அதேதான்.

அது எப்படி வேலை செய்கிறது? தூக்கம் குறைவு. சாப்பாடு நேரம் தள்ளிப்போகும். காலை முதல் நள்ளிரவு வரை ஒரே குரல். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் அடிமனதைத் திறக்க வைப்பது, திறந்தவுடன் 90 பேர் கைதட்டுவது. யாராக இருந்தாலும் நான்கு நாளில் இளகிவிடுவார்கள். இன்னொரு விஷயமும் உண்டு. 1959இல் ஆரன்சன், மில்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரிப் பெண்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர, சிலருக்கு மட்டும் கூச்சப்பட வைக்கும் ஒரு நுழைவுச் சோதனை வைத்தார்கள். உள்ளே நடந்த பேச்சு வேண்டுமென்றே சலிப்பாக அமைக்கப்பட்டது. கூச்சப்பட்டுச் சேர்ந்தவர்கள்தான் அந்தச் சலிப்பான பேச்சை 'நன்றாக இருந்தது' என்று அதிகம் பாராட்டினார்கள். கஷ்டப்பட்டு வாங்கியதை மட்டம் என்று ஒத்துக்கொள்ள மனது வராது. ஞாயிற்றுக்கிழமை இரவு மைக்கைப் பிடித்து 'என் வாழ்க்கையே மாறிடுச்சு' என்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ராத்திரியை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

இதெல்லாம் நமக்குப் புதிதா என்றால், இல்லவே இல்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். விரதம், கண்விழிப்பு, உடுக்கை, கூட்டம், ஒருவருக்கு அருள் வந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் வருவது. உள்ளே புதைந்து கிடந்ததெல்லாம் வெளியே வரும். மாமியாரைப் பற்றி வாய் திறக்காத மருமகள் அன்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள், யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கவனியுங்கள்: ஆடுகிறவரின் இடுப்பைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் இருப்பார்கள். நேரம் பார்த்து, விபூதி போட்டு, தண்ணீர் கொடுத்து, சாமியை மலையேற்றும் ஒரு பெரியவர் இருப்பார். கட்டிய காப்பைக் கடைசி நாளில் அவிழ்ப்பார்கள், மஞ்சள் நீராட்டு, சோறு. மறுநாள் காலையில் அதே ஆள் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குப் போவார்.

இந்தப் பயிற்சிகளில் சாமியை வரவழைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மலையேற்றத் தெரிந்தவர்கள் அபூர்வம். காப்புக் கட்டுகிறார்கள், அவிழ்ப்பதில்லை. அவிழ்க்கிற நேரத்தில் அடுத்த கட்டத்துக்கான படிவத்தை நீட்டுகிறார்கள். உங்கள் மாமா மகன் சிக்கியது அந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

(உங்கள் தலைமுறைக்கு இதன் குட்டி வடிவம் பள்ளியிலேயே அறிமுகம். 2021இல் எடுத்துவிட்ட ஆறாம் ஆண்டுச் சோதனையான யூ.பி.எஸ்.ஆருக்கு முன் தன்முனைப்பு முகாம் என்று மண்டபத்தில் உட்கார வைத்து, விளக்கை அணைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அம்மாவின் காலைக் கழுவ வைத்து அழவிட்டார்கள். நோட்டுப் புத்தகம் வாங்க முடியாத பிள்ளை, 'நான் படிக்காததால்தான் அம்மா கஷ்டப்படுகிறாள்' என்று தேம்பும். நானே இரண்டு முகாம்களுக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். பெருமையாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை.)

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 'ஃபோரம்' பயிற்சியைப் பற்றி 1989இல் ஃபிஷர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. போனவர்களையும் அவர்களைப் போன்ற, ஆனால் போகாதவர்களையும் ஒப்பிட்டார்கள். பயிற்சி முடிந்த சில வாரங்களில் 'என் வாழ்க்கை என் கையில்' என்ற உணர்வு மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. 18 மாதம் கழித்துப் பார்த்தால் அதுவும் இல்லை. பெரிய நன்மையும் இல்லை, பெரிய கெடுதலும் இல்லை. கூட்டத்தை மொத்தமாகக் கூட்டி வகுத்தால் கிடைப்பது இது. உங்கள் அக்காவும் மாமா மகனும் அந்தக் கூட்டலுக்குள் ஒருவரை ஒருவர் ஈடுசெய்துவிட்டுக் காணாமல் போய்விடுவார்கள்.

ஆள் ஆளாகப் பார்க்க, அதைவிடப் பழைய ஆய்வு ஒன்று எனக்கு உதவுகிறது. லீபர்மன், யாலோம், மைல்ஸ் ஆகிய மூவரும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் 200க்கும் மேற்பட்டவர்களைப் பலவகைக் குழுப் பயிற்சிகளில் உட்காரவைத்துக் கவனித்து, 1973இல் நூலாக வெளியிட்டார்கள். அது இந்த நான்கு நாள் பயிற்சி இல்லை, சிறு குழுக்கள். ஆனாலும் நமக்குப் பொருந்தும் இரண்டு செய்திகள் அதில் உண்டு. கவர்ச்சியாகப் பேசி, அதட்டி, 'இப்பவே உடைச்சுக் காட்டு' என்று நெருக்கிய தலைவர்களின் குழுக்களில்தான் மனதில் அடிபட்டவர்கள் அதிகம். இன்னொன்று: யார் அடிபட்டார்கள் என்பது பல தலைவர்களுக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சக மாணவர்களைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

இரண்டாவது செய்தியைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. 2004இல் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணின் குழந்தை, பயிற்சிக்குச் சில மாதம் முன்புதான் இறந்திருந்தது. 'உன் வாழ்க்கையில் நடந்த எல்லாவற்றுக்கும் நீயே பொறுப்பு' என்ற பாடத்தின்போது எழுந்து நின்று, 'இதுக்குமா?' என்று கேட்டாள். பயிற்றுநர், 'அதை நீதான் உன்கிட்ட கேக்கணும்' என்றார். கைதட்டல். அவள் உட்கார்ந்தாள். கையிலிருந்த டிஷ்யூவை மாவு பிசைவதுபோல உருட்டிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் காலை தூங்கவே இல்லை என்றாள், ஆனால் களைப்பே தெரியவில்லை, படபடவென்று பேசினாள். நான் ஆலோசக ஆசிரியர். அது என்ன அறிகுறி என்று எனக்குத் தெரியும். இருந்தும் 'செயல்முறையைக் குலைக்காதே' என்ற விதியை மதித்து வாய்மூடி இருந்தேன். அடுத்த வாரம் அவளை உலு கிந்தாவில் பஹாகியா மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்' என்று நாம் கிண்டலுக்குச் சொல்வோமே, அந்த இடம். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார்கள், தேறி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பட்டமளிப்பில் மாலையோடு நின்றவர்களில் அவள் இல்லை. ஏன் இல்லை என்று மேடையில் யாரும் சொல்லவில்லை.

ஆகவே தம்பி, யாருக்கு ஆபத்து என்பது ஓரளவு தெரிந்த விஷயம்தான். சமீபத்தில் சாவு, மணமுறிவு பார்த்தவர்கள். முன்பு மனநோய்க்கு மருந்து எடுத்தவர்கள் அல்லது இப்போது எடுப்பவர்கள். தூக்கம் கெட்டால் மனநிலை தலைகீழாகிறவர்கள். குறிப்பாக, இருதுருவ மனநோய் (மனம் உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போவது) உள்ளவர்களுக்குத் தூக்கமின்மையே அதைக் கிளப்பிவிடக்கூடும். வலிப்பு, இனிப்புநீர் உள்ளவர்களுக்கு நேரம் தவறும் சாப்பாடும் ஆகாது. உடம்பை வைத்துச் சோதனை என்றால் இன்னும் மோசம். 2009இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஜேம்ஸ் ஆர்தர் ரே என்ற தன்முனைப்புப் பேச்சாளர் நடத்திய முகாமில், நீராவி ஏற்றிய கூடாரத்துக்குள் உட்காரவைக்கப்பட்டவர்களில் மூன்று பேர் இறந்தார்கள், அவர் சிறைக்குப் போனார். வெளியே போக வழி இருந்தது. எழுந்து போவது தோல்வி என்று அத்தனை நாளாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

நம் மலேசியச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, நான் 'கவுன்சலர்' என்று பலகை மாட்ட வேண்டுமானால் பதிவு வேண்டும், தொழில் செய்யும் சான்றிதழ் வேண்டும். 'டிரெய்னர்', 'கோச்', 'மெண்டர்' என்று மாட்டினால் அந்தப் பதிவு எதுவும் தேவையில்லை. அடிமனதைத் தோண்டும் வேலை ஒன்றுதான், பலகை மட்டும் வேறு. அதனால் போவதானால் நீங்களே கேளுங்கள். அறையில் பதிவுபெற்ற ஆலோசகரோ மனநல மருத்துவரோ இருப்பாரா? இரவு எத்தனை மணிக்கு வீட்டுக்கு விடுவீர்கள்? பாதியில் எழுந்து போனால் பணம் திரும்பக் கிடைக்குமா, எழுத்தில் தருவீர்களா? பதிலைவிட, கேட்டவுடன் அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்பதைப் பாருங்கள். 'உங்க பயம்தான் பேசுது' என்று ஆரம்பித்தால் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

அக்காவோடு சண்டை வேண்டாம். அவருக்குக் கிடைத்தது பொய் என்று நிரூபிக்கப் போனால் அப்பாவோடு பேசுவதும் நின்றுபோகலாம். ஒன்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். இப்படிப்பட்ட பயிற்சிகளில் மேல்கட்டத்துக்குப் போகிறவர்களுக்கு, இத்தனை பேரைக் கூட்டிவா என்பதும் வீட்டுப்பாடமாகவே தரப்படும். அக்கா உங்களை அழைப்பது பாசமாகவும் இருக்கலாம், கணக்காகவும் இருக்கலாம், அவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாமலும் இருக்கலாம். 'ஆறு மாசம் போகட்டும்கா, அப்பவும் உனக்கு இப்படியே இருந்தா நான் யோசிக்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். சலுகை விலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அடுத்த மாதமும் ஒரு வெள்ளிக்கிழமை வரும்.

இப்போது அவசரம் உங்கள் மாமா மகன்தான். அறைக்குள்ளேயே கிடக்கிறார், 'உடைச்சிட்டாங்க' என்கிறார் என்றால் முதலில் அரசாங்கக் கிளினிக். 'பயிற்சி அப்படி, நீ இப்படி' என்ற விசாரணையெல்லாம் அப்புறம். தூக்கம், சாப்பாடு, உயிரைப் பற்றிய பேச்சு ஏதாவது வருகிறதா, இந்த மூன்றையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். துணைக்கு நீங்களே போங்கள். கடனுக்கு ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கீழ் இயங்குவது, இலவசம், தவணையைத் திருத்தி அமைத்துத் தருவார்கள்.

மூன்றாம் கட்டத்தை அவர் இன்னும் முடிக்கவில்லை என்றால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை வைத்துப் பேச இடமிருக்கிறது. தராத சேவைக்கு வாங்கிய பணத்தை மொத்தமாக விழுங்க முடியாது. கொடுக்க மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், மனு போட 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். ஈப்போவிலும் கிளை உண்டு. பணம் கட்டிய ரசீது, கையெழுத்துப் போட்ட படிவம், 'இன்னிக்கே கட்டுங்க' என்று வந்த வாட்ஸ்அப் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கோபத்தில் அவற்றை அழித்துவிட்டாரா என்று இன்றைக்கே போய்க் கேளுங்கள். அழித்திருந்தால், அதே குழுவில் இருந்த அக்காவின் போனில் பாதியாவது இருக்கும்.